இடது தோளில் ஒரு தழும்பு

மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பேத்தி பிறந்து இருபத்தைந்து நாள் இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டக் காலை நீட்டி உட்கார்ந்த என் அக்கா, "தம்பி, இங்க வந்து பாருடா, ஊசி போட்ட எடத்துல பரு மாதிரி கெளம்பியிருக்கு" என்று குரல் கொடுத்தாள். இடது தோளுக்குக் கொஞ்சம் கீழே மிளகு அளவில் ஒரு சிவப்பு. அடுத்த வாரம் அது பட்டாணியாயிற்று. அதற்கடுத்த வாரம் உடைந்து கொஞ்சம் சீழ் வந்தது. அக்கா மஞ்சளை உரசித் தயாராக எடுத்து வந்துவிட்டாள். நல்லவேளை, மகள் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்கு போன் போட்டாள். "மஞ்சள், பவுடர், ஆயின்ட்மென்ட் எதுவும் வேண்டாம்மா. பிதுக்காதீங்க. அது அப்படித்தான் வரணும்" என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஏன் அப்படித்தான் வர வேண்டும் என்று அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு அங்கே வட்டமாக, லேசாகக் குழிந்த தழும்பு ஒன்று இருக்கும். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. இடது கையில் போடுவதற்கு உடலியல் காரணம் எதுவும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே இடத்தில் போட்டால், பின்னால் கணக்கெடுக்க வருபவர்கள் தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

பிறந்த குழந்தைக்குப் போடும் அளவு 0.05 மில்லிலிட்டர். ஏறக்குறைய ஒரு சொட்டுதான். ஆனால் அதற்குள் காசநோய்க் கிருமியின் வலுவிழந்த உறவினர்களான உயிருள்ள பாக்டீரியாக்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. விரலில் மீன்முள் குத்தினால் அன்று ராத்திரியே வீங்கி விண்ணென்று தெறிக்கிறது. இத்தனை உயிருள்ள கிருமிகளைத் தோலுக்குள் ஏற்றிய பிறகும் இரண்டு மூன்று வாரம் அந்த இடம் ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கிறதே, அது எப்படி? நம் உடம்பு கிருமியை எப்படி அடையாளம் காண்கிறது என்பதன் பெரும்பகுதி இந்த மூன்று வாரத் தாமதத்துக்குள் இருக்கிறது.

1882-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அதே ஆண்டின் கடைசியில் இத்தாலியின் மெசினா ஊரில் கடலோரம் தங்கியிருந்த இலியா மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்துவிட்டுத் தூக்கம் வராமல் விடியலுக்குக் காத்திருந்தார். அந்தக் குஞ்சு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்புக்காரி. மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அந்நியப் பொருள் உள்ளே வந்தால் அதை விழுங்கவென்றே உடம்பில் செல்கள் இருக்கின்றன என்று அவர் சொன்னார். 1908-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பாடப்புத்தகங்கள் அந்தச் செல்களைப் 'பெருவிழுங்கு செல்' என்கின்றன. நல்ல பெயர்.

ஒன்றை விழுங்கலாமா வேண்டாமா என்று அந்தச் செல்லுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு விடை கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பழ ஈக்களை வைத்து ஆராய்ந்த ஜூல்ஸ் ஹாஃப்மன் 1996-இலும், எலிகளை வைத்து ஆராய்ந்த புரூஸ் பாய்ட்லர் 1998-இலும் விஷயத்தை வெளிக்கொண்டுவந்தார்கள். இந்தச் செல்களின் மேற்பரப்பில் 'டோல்' வகை ஏற்பிகள் என்ற புரதங்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பாக்டீரியாவின் சுவரில் உள்ள சில கொழுப்புப் பொருள்கள், நம் உடம்பு தயாரிக்கவே தயாரிக்காத சில சர்க்கரைகள், இப்படிப் பொதுவான அடையாளங்கள் பட்டால் போதும், அவை விழித்துக்கொள்ளும். அவற்றுக்கு ஆள் தெரியாது, இனம் தெரியும். வந்தது டைபாய்டா, காலராவா என்ற விசாரணை அங்கே இல்லை. மீன்முள் குத்திய விரல் அதே ராத்திரி வீங்குவது இவர்களால்தான். சீழ் என்று நாம் துடைத்து எறிவதில் பெரும்பங்கு, கடமையைச் செய்து செத்த வெள்ளையணுக்கள்.

காசநோய்க் கிருமி இந்த முதல் காவலிடம் விளையாடும் விளையாட்டுதான் அதன் சாமர்த்தியம். பெருவிழுங்கு செல் எதையாவது விழுங்கினால் அதை ஒரு பைக்குள் அடைக்கும். பிறகு அமிலமும் நொதிகளும் நிறைந்த இன்னொரு பை வந்து அதோடு சேரும். உள்ளே இருப்பது செரித்துப் போகும். காசநோய்க் கிருமி, அந்த இரண்டு பைகளும் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. தன்னை விழுங்கிய வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. அதன் சுவர் மெழுகு பூசியதுபோன்ற கொழுப்பால் ஆனது. சளிப் பரிசோதனைக் கண்ணாடியில் செஞ்சாயம் ஏற்றி அமிலம் ஊற்றினால் மற்றவை எல்லாம் வெளுத்துப்போகும், இது மட்டும் சிவப்புக் குச்சிகளாக அப்படியே நிற்கும். நுண்ணோக்கியில் நீலப் பின்னணியில் அதைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

அதற்கு அவசரமும் கிடையாது. நம் குடலில் இருக்கும் ஈ. கோலை சாதகமான சூழ்நிலையில் இருபது நிமிடத்தில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமி ஒருமுறை பிரிய ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களால் செல்லுக்குள் ஒளிந்திருப்பவனைத் தொட முடியாது. தொண்டை அடைப்பான், டெட்டனஸ் போன்ற நோய்களின் நச்சை முறிக்கும் எதிர்ப்பொருள்கள் இங்கே வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

இனி இரண்டாவது காவல். இதன் முக்கிய ஆள் டி செல். உள்ளே ஒளிந்திருப்பதை வெளியே நின்றபடி அது கண்டுபிடிக்கும் விதம் எனக்கு எப்போதும் மீன் சந்தையை ஞாபகப்படுத்தும். மீனின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்து முடிவு செய்கிறார். நம் செல்களும் அப்படித்தான். தனக்குள் இருக்கும் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துணுக்குகளை ஒரு சிறப்புப் புரதத் தட்டில் வைத்து மேற்பரப்பில் காட்டிக்கொண்டே இருக்கின்றன. டி செல் வந்து பார்க்கும். வீட்டுச் சரக்காக இருந்தால் நகர்ந்துவிடும். கிருமியின் துணுக்காக இருந்தால் நின்றுவிடும். 1970-களில் ஆஸ்திரேலியாவின் கான்பெர்ராவில் இதைக் கண்டுபிடித்த இருவரில் பீட்டர் டோஹர்ட்டி ஒரு கால்நடை மருத்துவர். மற்றவர் ரோல்ஃப் ஜிங்கர்நாகல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். 1996-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

சரி, இதுவரை கண்ணால் கண்டிராத கிருமியின் துணுக்கை ஒரு டி செல் எப்படி அடையாளம் காணும்? இதற்கு ஒரு காலத்தில் அறிஞர்கள் தந்த விளக்கம் தையற்காரர் விளக்கம். கிருமி வந்ததும் உடம்பு அதன்மேல் அளவெடுத்துப் பொருத்தமான எதிர்ப்பொருளை வார்த்துக்கொள்ளும் என்று லைனஸ் பாலிங் போன்ற மேதையே 1940-இல் எழுதினார். தவறு. நம் உடம்பு தையற்கடையே இல்லை, ரெடிமேட் கடை. 1957-இல் மக்ஃபார்லேன் பர்னட் இதை முன்வைத்தார். எந்தக் கிருமி வரும் என்று தெரியாமலேயே கோடிக்கணக்கான வடிவங்களில் செல்களைத் தயாரித்து உடம்பு அடுக்கி வைத்திருக்கிறது. வரும் கிருமிக்கு எது பொருந்துகிறதோ அது மட்டும் பெருகும். மற்றவை விற்காமல் அலமாரியிலேயே கிடந்து காலமாகும்.

மனிதனுக்கு இருப்பதே இருபதாயிரம் மரபணு. கோடி வடிவம் எங்கிருந்து வரும்? சுசுமு டோனெகாவா 1976-இல் காட்டினார்: இந்தச் செல்கள் வளரும்போது தம்முடைய டி.என்.ஏ.வையே வெட்டி, துண்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் கலைத்து, மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. அவர் காட்டியது எதிர்ப்பொருள் மரபணுவில். டி செல்லிலும் அதே கதைதான் என்று பின்னால் தெரிந்தது. மரபணு என்றால் அப்பா அம்மாவிடமிருந்து வந்தபடியே கடைசிவரை இருப்பது என்று படித்து வளர்ந்த எனக்கு, இதை முதன்முதலில் படித்தபோது ஏதோ அச்சுப் பிழை என்றே தோன்றியது.

கண்ணை மூடிக்கொண்டு கலைத்தால் சில வடிவங்கள் நம் சொந்த உடம்புக்கே பொருந்திவிடும். அந்தச் செல்கள் வெளியே வந்தால் நம்மையே தாக்கும். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் இதற்கு ஒரு வடிகட்டல் நடக்கிறது. உள்ளே போகும் இளம் டி செல்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அங்கேயே சாகின்றன. தப்பி வெளியே வரும் சில்லறை ஆபத்துகளை அடக்கி வைக்க வேறொரு வகை டி செல் இருக்கிறது. அதைக் கண்டறிந்த ஷிமோன் சகாகுச்சி உள்ளிட்ட மூவருக்கு 2025-இல் நோபல் வழங்கினார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இப்போது பேத்தியின் தோளுக்கு வருவோம். குறிப்பிட்ட ஒரு துணுக்குக்குப் பொருந்தும் டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான் இருக்கும். அந்த ஒன்று உடம்பில் எந்த மூலையில் சுற்றிக்கொண்டிருக்கிறதோ. அதற்காகத்தான் நிணநீர்க் கணுக்கள் என்ற சந்திக்கும் இடங்கள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அந்த நெறிதான். தோளிலிருந்து கிளைச்செல் என்ற தூதர், பாக்டீரியாத் துணுக்குகளைச் சுமந்துகொண்டு அக்குளிலுள்ள நெறிக்குப் போகும். அங்கே ஆயிரக்கணக்கான டி செல்கள் ஒவ்வொன்றாக வந்து உரசிப் பார்த்துவிட்டுப் போகும். பொருந்தும் செல் என்றைக்கோ ஒருநாள் வந்து நிற்கும். பிறகு அது ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பல ஆயிரமாகப் பெருகி, ரத்தத்தில் ஏறித் தோளுக்குத் திரும்ப வேண்டும். கிருமியோ மந்தமானது, செல்லுக்குள் பதுங்கியது. தகவலே தாமதமாகத்தான் நெறியை எட்டுகிறது. மூன்று வாரம் போனது இதற்குத்தான்.

திரும்பி வந்த டி செல்கள், கிருமியை விழுங்கிவிட்டுத் திணறும் பெருவிழுங்கு செல்லைப் பார்த்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது பட்டதும் பெருவிழுங்கு செல் வேறு ஆளாகிவிடும். சேராமல் நின்ற பைகள் சேரும், அமிலம் ஏறும், கிருமி சாகும். அக்கா பார்த்த சிவப்பு, அந்த வேலை தொடங்கிய அடையாளம். இந்த ஒரு வேதிப்பொருள் எவ்வளவு முக்கியம் என்று 1996-இல் தெரிந்தது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பிறவியிலேயே பழுதான சில குழந்தைகளுக்கு, சாதாரணமாகத் தீங்கு செய்யாத பி.சி.ஜி. கிருமியே உடம்பெல்லாம் பரவி உயிரைப் பறித்திருந்தது.

ஒருமுறை பெருகிய டி செல்களில் ஒரு பகுதி நினைவுச் செல்களாகத் தங்கிவிடும். அதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். மான்டூ பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குத் தெரியும். முன்கையில் 0.1 மில்லி, காசநோய்க் கிருமியின் புரதச் சாறு. இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். செவிலியர் ஒரு பால்பாயின்ட் பேனாவை எடுத்துத் தடிப்பை நோக்கித் தோல்மேல் மெல்ல இழுத்து வருவார். தடிப்பின் விளிம்பில் பேனா தயங்கி நிற்கும். அங்கே ஒரு கோடு. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்து அளப்பார். சிவப்பை அளப்பதில்லை, கெட்டியான தடிப்பை மட்டும். பொதுவாக 10 மில்லிமீட்டருக்கு மேல் என்றால், இந்த உடம்புக்குக் காசநோய்க் கிருமியையோ அதன் சொந்தக்காரர்களையோ முன்பே பழக்கம் இருக்கிறது என்று பொருள். முதல் தடவை மூன்று வாரம் எடுத்த வேலை, அடுத்த தடவை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடிகிறது. இந்தச் சாற்றின் பழைய வடிவத்தைத்தான் கோக் 1890-இல் காசநோய்க்கு மருந்து என்று அறிவித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். மருந்தாகத் தோற்றது, பரிசோதனையாக நூறாண்டு தாண்டியும் நிற்கிறது.

நுரையீரலுக்குள் கதை இவ்வளவு சுபமாக முடிவதில்லை. அங்கே டி செல்கள் வந்து சேர்வதற்குள் கிருமி வேர்விட்டிருக்கும். முழுதாகக் கொல்ல முடியாத இடத்தில் உடம்பு சுற்றிவளைக்கிறது. நடுவில் கிருமி, அதைச் சுற்றிப் பெருவிழுங்கு செல்கள், அவற்றைச் சுற்றி டி செல்கள் என்று உருண்டையாக ஒரு முடிச்சு உருவாகும். நடுப்பகுதி செத்து, பாலாடைக்கட்டிபோல் ஆகும். வருஷக்கணக்கில் சுண்ணாம்பு படிந்து இறுகினால், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். "எப்பவாவது டி.பி. இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்பார். "இல்லையே" என்போம். படம் காட்டுவதும் நாம் சொல்வதும் இரண்டும் உண்மை. உலக மக்களில் நாலில் ஒருவர் இந்தக் கிருமியைச் சுமந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வருகிறது. வெள்ளையணுக்களைப் போர்வீரர்களாக வரைந்து காட்டும் பள்ளிக்கூடப் படம் இங்கே பாதிதான் பொருந்தும். மீதிப் பாதி, ஐம்பது அறுபது வருஷம் அலுக்காமல் செய்யும் சிறைக்காவல்.

அந்தச் சிறைச்சுவர் யாருக்குச் சாதகம் என்பதிலும் சந்தேகம் கிளம்பியிருக்கிறது. கேம்பிரிட்ஜில் காசநோயை ஆராயும் லலிதா ராமகிருஷ்ணன், சிதம்பரத்தில் பிறந்து நோபல் வாங்கிய வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. அவர் மெச்னிகாஃப் வழியிலேயே ஒளி ஊடுருவும் குஞ்சுகளைத் தேர்ந்தெடுத்தார், வரிக்குதிரை மீன் குஞ்சுகளை. காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு பாக்டீரியாவை அவற்றில் செலுத்தி உயிரோடு பார்த்தபோது, முடிச்சைக் கட்ட ஓடிவரும் புதிய பெருவிழுங்கு செல்களே கிருமிக்குப் புது வீடாகிப் போவது தெரிந்தது. 2009-இல் இது வெளியானது. காவலுக்கு வந்த ஆளின் வீட்டிலேயே திருடன் குடியேறுகிறான்.

காவல் தளரும்போது என்ன ஆகும் என்பதற்கு எச்.ஐ.வி. கொடூரமான சாட்சி. அது அழிப்பது இதே டி செல்களைத்தான். மூட்டுவாதத்துக்குத் தரும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து, அழற்சியை உண்டாக்கும் டி.என்.எஃப். என்ற பொருளை அடக்குவது. அதைப் போட்டுக்கொண்ட சிலருக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருந்த காசநோய் எழுந்துவிட்டதாக 2001-இல் தெரியவந்தது. அந்த முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்ததும் டி.என்.எஃப்.தான். சர்க்கரை நோயும் இந்தக் காவலைத் தளர்த்துகிறது.

தழும்பு இருந்தால் காசநோய் வராதா? இதற்குப் பதில் நம் ஊரிலேயே கிடைத்தது. கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் 1948-இல் வந்தது. சில வருஷங்களில் ஊர் ஊராக ஊசி போட்டார்கள். 1955-இல் ராஜாஜி இதை எதிர்த்துத் துண்டுப் பிரசுரமே வெளியிட்டார். அவர் சொன்ன எல்லாக் காரணங்களும் எனக்கு ஏற்புடையவை அல்ல. பலன் உறுதியாகாத ஒன்றை ஒட்டுமொத்த மக்களுக்கும் போடலாமா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்து உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. ஒரு சாராருக்கு உண்மையான ஊசி, ஒரு சாராருக்கு வெறும் ஊசி. 1979-இல் வந்த முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவேயில்லை. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்த அதே தடுப்பூசி. நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரர்கள் நிறைய, அவற்றோடு பழகிய உடம்பில் பி.சி.ஜி. புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்பது அதிகம் பேசப்படும் விளக்கம். பச்சைக் குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது நன்றாகத் தடுக்கிறது. அதனால்தான் இன்னும் போடுகிறோம், போடவும் வேண்டும்.

டி செல் பெருக வேண்டும் என்றால் அதற்குச் சாப்பாடு வேண்டும். ஒன்று பல ஆயிரமாவதற்கான புரதம் எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா? ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டார் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2023-இல் வந்தது. ஒரு பிரிவில் வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வந்தது, மற்ற வீடுகளைவிட 39 சதவீதம் குறைவு. தொற்றக்கூடிய நுரையீரல் வகை மட்டும் என்றால் ஏறக்குறைய பாதி. தடுப்பூசியால் பெரியவர்களிடம் செய்ய முடியாததில் இவ்வளவை அரிசியும் பருப்பும் செய்திருக்கின்றன.

பேத்தியின் தோளில் புண் ஆறித் தழும்பாகிவிட்டது. அக்காவுக்கு அதில் மஞ்சள் வைக்கவில்லையே என்ற குறை இன்னும் தீரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், தழும்பு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் காசு கிடையாது. காலையில் எழுந்ததும் வரும் முதல் சளியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.